பழைய ஜீப்பு வண்டிகளும் பட்டறைத் தொழிலும்

ஜொகூர் மாநில நிலப்படத்தை விரித்து வைத்து நோக்குவார்க்கு யோங் பெங் என்னும் சிற்றூர் சாலைகள் கூடும் ஒரு சந்தியாகவே முதலில் புலப்படும். சிகாமட்டிலிருந்து லாபிஸ் வழியாக இறங்கிவரும் பழைய நெடுஞ்சாலையும், மூவாரிலிருந்து பாரிட் சூலோங் வழியாக வரும் சாலையும் அங்கே சந்திக்கின்றன. பின்னர் ஒரே வழியாக ஆயர் ஈத்தாம் நோக்கித் தெற்கே செல்கின்றன. அந்தத் தார்ச்சாலையை விட்டுப் பத்தடி இறங்கினால் நிலத்தின் உண்மை இயல்பு தெரியும். மேற்கே கடலை நோக்கிச் சதுப்பும் வாய்க்கால்களும். கிழக்கே மழை பெய்தால் சோப்பாக வழுக்கும் செம்மண் மேடுகள். ரப்பரும் பின்னர் செம்பனையும் விளைந்த இம்மண்ணில் சக்கரம் வைத்த எந்த வண்டிக்கும் பாதி ஆண்டு சோதனைக் காலமே.

அச்சோதனை எத்துணைக் கொடியது என்பதை 1942ஆம் ஆண்டு சனவரித் திங்கள் காட்டியது. மூவார்ப் போரில் பின்வாங்கிய 45ஆம் இந்தியப் படைப்பிரிவும் ஆஸ்திரேலியப் படையினரும், காயமுற்றோரை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, பக்ரியிலிருந்து யோங் பெங் நோக்கிப் புறப்பட்டனர். இருபுறமும் சேற்று நிலம்; நடுவே ஒற்றைச் சாலை. வழியில் பாரிட் சூலோங் பாலத்தை ஜப்பானியர் முன்னரே கைப்பற்றியிருந்தனர். லாரிகள் சாலையை விட்டு இறங்கவும் இயலவில்லை, முன்னேறவும் இயலவில்லை. சனவரி 22ஆம் நாள் படைத்தலைவர் சார்லஸ் ஆண்டர்சன், வண்டிகளையும் பீரங்கிகளையும் அழித்துவிட்டு, நடக்கக் கூடியவர் காட்டுவழியே செல்லுமாறு ஆணையிட்டார். ஏறத்தாழ 900 பேர் சதுப்பையும் காட்டையும் கடந்து யோங் பெங்கில் நின்ற தம் படையினரை அடைந்தனர். லாரிகளில் கிடந்த காயமுற்றோர் ஏறக்குறைய 150 பேர் பகைவரால் கொல்லப்பட்டனர். மிதிவண்டியேறி வந்த ஜப்பானியப் படைவீரனோ, சாலை கெட்ட இடத்தில் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான். சாலையை நம்பியே வாழும் ஊர்தி, சாலை அடைபட்டவுடன் வெறும் இரும்பாகிவிடுகிறது என்பதற்கு இதனினும் துயரமான சான்று மலாயா வரலாற்றில் அரிது.

சாலையை நம்பாத ஊர்தி ஒன்று அப்போது உலகின் மறுகோடியில் உருவாகிவிட்டிருந்தது. 1940ஆம் ஆண்டு அமெரிக்கப் படைத்துறை, நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறு வண்டி ஒன்று வேண்டுமெனக் கேட்டு, மாதிரி வண்டியைக் கொணர 49 நாள்களே தவணை கொடுத்தது. பாண்டம் என்னும் சிறு நிறுவனம் கார்ல் புரோப்ஸ்ட் என்பாரைக் கொண்டு வரைபடம் தீட்டி, செப்டம்பர் 23ஆம் நாள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெருந்தொகையாகச் செய்யும் வாய்ப்போ வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களுக்கே போயிற்று. 60 குதிரைத் திறன் கொண்ட வில்லிஸ் இயந்திரம் பொருத்திய அவ்வண்டிகள் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 6,40,000 செய்யப்பட்டன. முதலில் செய்தவன் ஒருவன், பெயரும் பொருளும் பெற்றவன் மற்றொருவன் என்பது தொழில் வரலாற்றில் புதுமையன்று.

ஜீப்பு என்னும் பெயரின் பிறப்பு சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடைய மாணவர்க்குச் சுவை தரும். ‘பொதுப்பயன்’ எனப் பொருள்படும் இரு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளான ஜீ, பீ என்பவை மருவி ஜீப்பு ஆயின என்பது பலரும் கூறும் விளக்கம். ஆனால் ஃபோர்டு நிறுவனத்தின் குறியீட்டில் ஜீ என்பது அரசாங்க வண்டியையும், பீ என்பது 80 அங்குலச் சக்கர இடைவெளியையும் குறித்தன. 1936இல் பாப்பாய் என்னும் படக்கதையில் ஜீப் என்ற பெயருடைய மாய விலங்கு ஒன்று தோன்றியது. எங்கும் புகும் அவ்விலங்கின் பெயரைப் படைவீரர் வண்டிக்கு இட்டனர் என்பாரும் உளர். எவ்வாறாயினும், தமிழர் அதன் ஈற்றில் ஓர் உகரத்தைச் சேர்த்துத் தம் சொல்லாக்கிக்கொண்டனர். வண்டியையும் அவ்வாறே தமதாக்கிக்கொண்டமை இனிக் கூறப்படும்.

1945 செப்டம்பர் 9ஆம் நாள் நேசப் படைகள் மோரிப், போர்ட்டிக்சன் கடற்கரைகளில் இறங்கின. ஜப்பான் முன்னரே பணிந்துவிட்டமையால் எதிர்ப்பு இல்லை. ஆயினும் மோரிப் கரையின் மென்சேறு பகைவனுக்குப் பகரமாக நின்று பல வண்டிகளை விழுங்கியது. போர் ஓய்ந்தபின் படைகள் தாயகம் திரும்பின. ஊர்திகளில் பல திரும்பவில்லை. அவற்றைக் கப்பலேற்றும் செலவு அவற்றின் மதிப்பை விஞ்சியது. ஆசியா முழுவதும் இவ்வாறு எஞ்சிய வண்டிகள் கைமாறின. பிலிப்பீன் மக்கள் படை ஜீப்புகளின் உடலை நீட்டி, இருபுறமும் நெடும்பலகை இட்டு, கூரை வேய்ந்து, வண்ணந் தீட்டி ஜீப்னி என்னும் பயணவண்டி ஆக்கினர். மலாயாவில் படை லாரிகள் மரம் வெட்டும் காடுகளுக்குச் சென்றன. அவற்றின் முன்கூரையைக் களைந்து, மரத்தால் இருக்கை செய்து, கம்பிவடம் சுற்றும் உருளையைப் பொருத்தி, பெருமரங்களை இழுத்துவரும் வண்டிகளாகச் சீனப் பட்டறையாளர் மாற்றினர். மலையரசன் எனப் பொருள்படும்படி ‘சான் தாய் வோங்’ என்று அவர்கள் அழைத்தனர். மலாய்க்காரர் வாயில் அது ‘லோரி ஹந்து’, அதாவது பேய் லாரி ஆயிற்று. அழகு சிறிதும் இல்லாத வண்டிதான். ஆயினும் புதிய லாரி நுழைய அஞ்சிய காட்டில் அதுவே பலர்க்குச் சோறிட்டது.

இங்கிலாந்திலும் இதே கதையே நிகழ்ந்தது. ரோவர் நிறுவனத்தின் பொறியியலாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்சு நாட்டு ஆங்கிள்சீத் தீவிலிருந்த தம் பண்ணையில் போர்க்கழிவாக வாங்கிய ஜீப்பு ஒன்றை ஓட்டிவந்தார். அது தேய்ந்து போனால் மாற்றாக எதை வாங்குவது என்னும் வினாவே லேண்ட் ரோவர் பிறக்கக் காரணமாயிற்று. முதல் மாதிரி வண்டி ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயே கட்டப்பட்டது. போருக்குப் பின் எஃகுக்குப் பங்கீடு இருந்தமையால் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தனர். ஆகவே, உலகெங்கும் புகழ்பெற்ற அவ்வூர்தியே பழைய ஜீப்பு ஒன்றைக் குறைந்த பொருளில் மாற்றியமைத்த முயற்சியில் தோன்றியதுதான். வறுமை கற்பித்த பாடத்தைச் செல்வர் நாட்டுத் தொழிற்சாலையும் கற்றது எனலாம்.

லேண்ட் ரோவர் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அரங்கேறியது 1948 ஏப்ரல் 30ஆம் நாள். மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு சூன் 18ஆம் நாள். இடையே சரியாக 49 நாள்கள். பாண்டம் நிறுவனத்திற்குக் கொடுக்கப்பட்ட தவணையும் அதுவே. இவ்வொற்றுமை தற்செயலே. எனினும் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வண்டியும் மலாயாத் தோட்டப் புறமும் பிரிக்க முடியாதவையாயின என்பது தற்செயலன்று. காவல்துறைக்கும் படைக்கும் தோட்டத் துரைமார்க்கும் செம்மண் சடக்கில் செல்ல அதுவே தக்கதாயிற்று. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். யோங் பெங்கிலும் அத்தகைய புதுக்கிராமம் அமைந்தது. அரிசி வெளியே கடத்தப்படாதவாறு வாயில்களில் ஆளையும் வண்டியையும் சோதித்தனர்.

அக்காலத்தில் வண்டிகளுக்குச் செய்த மாற்றங்கள் உயிரச்சத்தால் செய்தவை. 1951 அக்டோபர் 6ஆம் நாள் பிரேசர் மலைச் சாலையில் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டபோது, முன்னே சென்ற காவலரின் லேண்ட் ரோவருக்குக் கவசம் இல்லை. தோட்டங்களில் அதற்கு முன்னரே காடிகளுக்கும் ஜீப்புகளுக்கும் இரும்புத் தகடு பொருத்தும் வழக்கம் தோன்றியிருந்தது. கண்ணாடி இருந்த இடத்தில் சிறு பிளவு விட்டுத் தகட்டைப் பற்றவைத்தனர். குண்டு துளைக்காத அத்தகடு வண்டியை உள்ளிருந்து தின்றது. கூடிய பாரத்தால் வில்பட்டைகள் தளர்ந்தன. இறக்கத்தில் பிரேக்கு பிடிக்கத் திணறியது. வெப்பத்தில் உள்ளே இருப்போர் வெந்தனர். ஒரு பாதுகாப்பைச் சேர்க்கும்போது மற்றொரு பாதுகாப்பு குறைகிறது என்னும் நுட்பத்தைப் பட்டறைக்காரர் அன்றே கண்டுகொண்டனர்.

இங்கே ஒன்றைச் சுட்டாமல் செல்லல் ஆகாது. அக்காலத் தோட்ட நினைவுக்குறிப்புகளிலும் புகைப்படங்களிலும் வண்டியருகே நிற்பவர் துரையே. திருப்பு வளையத்தைப் பிடித்தவரும், அடியில் படுத்து எண்ணெய் வடித்தவரும் பெயரின்றிப் போயினர். ரப்பர் ஆலை இயந்திரத்தில் கைப்பழகிய தமிழ்ப் பிட்டர்கள் லாரி, டிராக்டர், ஜீப்பு என எது வந்து நின்றாலும் அதைத் திறந்து பார்த்துக் கற்றனர். நூல் வாயிலாகக் கற்றவர் சிலரே. இயந்திரத்தின் ஒலியைக் கேட்டு வால்வின் இடைவெளியைக் கூறும் செவியும், விரல் நுனியால் தண்டின் தேய்வை அளக்கும் கையும் அவர்களின் பாடநூல்களாயின. அவர்கள் வழங்கிய சொற்களைத் தமிழாசிரியர் சிலர் கொச்சை என ஒதுக்கினர், அது பிழை. சேசி, கியர், பிரேக்கு, லோரி என்பவை ஒரு தொழில் தமிழரிடையே வேரூன்றியதற்கான சாசனங்கள். தூய சொற்களை ஆக்குவது நன்று. அதற்காக இச்சாசனங்களை அழிப்பது நன்றன்று.

1958இல் தென் மலாயாக் கம்யூனிஸ்டுத் தலைவர் ஹோர் லுங் சரணடைந்தபின் ஜொகூர்க் காடுகள் அமைதியுற்றன. 1960 சூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. படையினர் கழித்த லேண்ட் ரோவர்கள் ஏலத்துக்கு வந்தன. அவற்றிற்குப் பெரும் புகலிடமாக அமைந்தது கேமரன் மலை. மரக்கறித் தோட்டக்காரர்கள் அவற்றின் கூரையையும் கதவுகளையும் நீக்கி, பின்புறத்தில் முட்டைக்கோசுக் கூடைகளை மலைபோல் அடுக்கிச் செங்குத்தான மண்பாதைகளில் ஓட்டினர். 1929இல் தொடங்கப்பெற்ற போ தேயிலைத் தோட்டம் உள்ளிட்ட மலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கும் அவ்வண்டி அன்றாடக் காட்சியாயிற்று. துருவேறி, தகடு நெளிந்து, நிறம் இன்னதென்று கூற இயலாத அவ்வண்டிகளைக் காணும் வெளிநாட்டார் வியப்பர். அரும்பொருளகத்தில் கண்ணாடிக்குள் இருக்க வேண்டியது கோசு சுமக்கிறதே என்பது அவர்கள் எண்ணம்.

இமயத்திலும் இதற்கோர் இணையுண்டு. டார்ஜிலிங் மாவட்டத்து மானேபஞ்சாங் என்னும் ஊரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ முகட்டுக்குக் கல்லடுக்கிய பாதையொன்று ஏறுகிறது. தேயிலைத் தோட்ட ஆங்கிலேயர் விட்டுச்சென்ற 1950களின் லேண்ட் ரோவர்கள் அங்கே அரை நூற்றாண்டுக்கு மேல் பயணிகளை ஏற்றிச் சென்றன. உறுப்பு கிடைக்காதபோது உள்ளூர்ப் பட்டறைகளே செய்து கொடுத்தன. பழைய இயந்திரம் மாண்ட வண்டிகள் பலவற்றில் இந்திய மகேந்திரா டீசல் இயந்திரம் குடிபுகுந்தது. கேமரன் மலைச் சீனரும் மானேபஞ்சாங் நேபாளியரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் ஒரே முடிவுக்கு வந்தனர்.

அம்முடிவு எவ்வாறு செயற்பட்டது என்பதைச் சற்று நெருங்கிக் காண்போம். பழைய வண்டியைக் கையில் சிறுதொகையோடு புதுப்பிக்கப் புகுபவர் முதலில் மயங்குவது அதன் உடலைக் கண்டே. அலுமினியத் தகடு துருப்பிடிப்பதில்லை. கழுவினால் வண்டி புதிதுபோல் தோன்றும். நோய் முழுவதும் உள்ளே இருக்கும் எஃகில்தான். ஏணி வடிவமான அடிச்சட்டத்தின் பின்குறுக்கும், முன்கண்ணாடியையும் கால்தளத்தையும் தாங்கும் தடுப்பும் சேற்று நீர் தங்கித் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். அலுமினியமும் எஃகும் தொடும் இடங்களில் ஈரம் பட்டால் அரிமானம் இன்னும் விரையும். ஆகவே அனுபவமுடைய பட்டறைக்காரர் வண்ணத்தை நோக்குவதில்லை. சிறு சுத்தியல் ஒன்றால் சட்டத்தைத் தட்டிச் செல்வர். கணீர் என ஒலித்தால் இரும்பு உண்டு. மந்தமாக ஒலித்தால் வெறும் துருவே மிச்சம். பலாப்பழத்தைத் தட்டி வாங்கும் முறைதான்.

சட்டத்தைச் செப்பனிட்டபின் பிரேக்கும் திருப்பு முறையும், அதன்பிறகே இயந்திரம், வண்ணம் எல்லாவற்றிற்கும் கடையில். பணம் குறைந்தவர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி ஏமாறுவது எக்காலத்தும் உண்டு. பளபளக்கும் வண்ணமும் பருத்த சக்கரமும் முதலில் வாங்கப்படும். பிரேக்குக் குழாய் பழையபடியே வெடித்துக் கிடக்கும்.

இயந்திர மாற்றம் மலேசியப் பட்டறைகளின் தனிச்சிறப்பு. பழைய பெட்ரோல் இயந்திரம் எரிபொருளைக் குடிப்பது. நீரோடையைக் கடக்கும்போது மின்பொறிக் கம்பிகள் நனைந்தால் நின்றுவிடுவது. டீசல் இயந்திரத்தில் மின்பொறியே இல்லை. ஆகையால் சேற்றுக்கும் நீருக்கும் அது ஏற்றது. ஜப்பானில் கழிக்கப்பட்ட வண்டிகளின் முன்பாதியை அப்படியே அறுத்துக் கப்பலேற்றி இங்கே விற்கும் வழக்கம் பரவியது. ‘ஹாஃப் கட்’ என்னும் அவ்வரைவண்டிகளையும் ‘பொத்தோங்’ கடைகளின் பழைய உறுப்புகளையும் கொண்டு, இசுசு, நிசான், தொயோத்தா டீசல் இயந்திரங்களை லேண்ட் ரோவரின் நெஞ்சில் பொருத்தினர். இயந்திரமும் கியர்ப் பெட்டியும் வெவ்வேறு நாட்டவை. ஒன்றன் துளை மற்றொன்றன் துளையோடு பொருந்தாது. இடையே கனத்த தகடொன்றைக் கடைசலில் கடைந்து ஒட்டாகப் பொருத்த வேண்டும். மயிரிழை விலகினாலும் தண்டு ஆடும்; சில மாதங்களில் தாங்கி தேயும். இத்தகட்டைச் செய்வதில்தான் பட்டறையின் திறம் விளங்கும்.

ஒன்றை மாற்றினால் அதனோடு நிற்பதில்லை. வலிய இயந்திரம் வந்தால், மெல்லிய இயந்திரத்துக்கென வடித்த அச்சுத் தண்டு முறியும். பழைய லேண்ட் ரோவரின் பின் அச்சுத் தண்டுகள் இவ்வகையில் பேர்போனவை. முதல் வண்டிகளுக்கு 16 அங்குல விட்டத்தில் ஒடுங்கிய சக்கரமே போதுமானதாக இருந்தது. உயரமான சக்கரம் மாட்டினால் அடி உயரும். சேற்றில் வயிறு தட்டாது. ஆனால் பிரேக்குக்குச் சுமை ஏறும். ஏற்றத்தில் இழுப்பு குறையும். வேகமானியும் பொய் கூறத் தொடங்கும். செலவைக் குறைக்க எண்ணிப் புறப்பட்டவர் ஒவ்வொரு மாற்றத்திற்கும் மற்றொரு மாற்றம் வாங்கிக் கடனாளியாவதும் உண்டு. ஆகவேதான், காட்டு வேலைக்கு வண்டி வைத்திருந்தோர் தேவைக்கு மேல் ஒன்றையும் மாற்றவில்லை. பொழுதுபோக்குக்காகக் காடேறும் கூட்டம் தோன்றிய பிற்காலத்தில்தான் மாற்றமே நோக்கமாயிற்று. 1997இல் மலேசியாவில் தொடங்கிய மழைக்காட்டு ஊர்திப் போட்டி அவ்விருப்பத்தைப் பெருக்கியது. அரசின் விதியும் ஒன்றுண்டு: இயந்திரத்தை மாற்றினால் போக்குவரத்துத் துறையில் தெரிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். சோதனையில் தேறாத வண்டி காட்டில் புலியாயினும் சாலையில் குற்றவாளியே.

இனி, வரலாற்று மாணவர் விடை காண வேண்டிய வினாவொன்று எஞ்சுகிறது. 1950களின் வண்டி, பாதியில் பொருத்திய ஜப்பானிய இயந்திரம், வேறொரு வண்டியின் இருக்கை, பட்டறையில் வளைத்த தகடு. இதனைப் புதுப்பிக்கப் புகுபவர் எந்த நாளுக்குத் திருப்ப வேண்டும்? தொழிற்சாலையை விட்டு வந்த நாளுக்கென்றால், இங்கிலாந்திலிருந்து உறுப்புகளைத் தருவித்துப் பெரும்பொருள் செலவிட வேண்டும். அன்றியும், ஐம்பது ஆண்டுகளாக அவ்வண்டியைப் பிழைக்க வைத்த கைகளின் சுவடுகள் யாவும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். மேலைநாட்டுச் சேகரிப்பாளர் பலர் அதனையே முறை என்பர். அவர்கள் காக்க விரும்புவது தொழிற்சாலையின் வரலாறு. மலாயாவின் வரலாறு இருப்பதோ அந்த ஒட்டுத் தகட்டில். சிறு தொகையோடு புதுப்பிப்பவர் வேறு வழியின்றி அதனை விட்டுவைக்கிறார். அவரறியாமலே அவர் செய்வது சரியான வரலாற்றுப் பணியாகிறது. சட்டமும் பிரேக்கும் பழுதறப் புதிதாக வேண்டும். அதில் ஈவிரக்கம் கூடாது. எஞ்சியவற்றில் பழைய ஒட்டு நன்றாக உழைக்குமாயின் அதை அகற்றக் காரணமில்லை.

இதற்கோர் அரிய எடுத்துக்காட்டு சிங்கப்பூரோடு தொடர்புடையது. 1955 செப்டம்பர் 1ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் அறுவர் இரண்டு லேண்ட் ரோவர்களில் இலண்டனிலிருந்து தரைவழியே சிங்கப்பூருக்குப் புறப்பட்டனர். கருநீல வண்டிக்கு ஆக்ஸ்ஃபோர்டு என்றும் வெளிர்நீல வண்டிக்குக் கேம்பிரிட்ஜ் என்றும் பெயர். போர்க்காலத்தில் அமைத்துப் பின் கைவிடப்பட்ட லேடோ சாலை வழியே அஸ்ஸாமிலிருந்து பர்மாவுக்குள் நுழைந்து, மலாயாத் தீபகற்பம் கடந்து, 1956 மார்ச்சு 6ஆம் நாள் சிங்கப்பூரை அடைந்தனர். அங்கிருந்து இரு வண்டிகளும் திரும்பக் கொண்டு செல்லப்பட்டன. கேம்பிரிட்ஜ் பின்னொரு பயணத்தில் ஈரானில் பள்ளத்தில் வீழ்ந்தழிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அட்லாண்டிக்கிலுள்ள அசென்ஷன் தீவுக்குப் பறவை ஆராய்ச்சியாளரோடு சென்று, பின்னர் செயின்ட் எலினாத் தீவில் பல்லாண்டு உழைத்து ஓய்ந்து கிடந்தது.

அதனை இங்கிலாந்துக்குக் கொணர்ந்து ஆடம் பென்னெட் என்பார் யார்க்சயரில் செப்பனிட்டார். பளபளக்கும் புதுவண்ணம் பூசி முதுமையை மறைக்க அவர் முயலவில்லை. நெளிவும் கீறலும் வெயிலில் வெளுத்த நீலமும் பெரும்பாலும் அவ்வாறே இருக்க, ஓடுவதற்கு வேண்டியவற்றை உறுதிப்படுத்தினார். 2019 ஆகஸ்டு 25ஆம் நாள் அவ்வண்டி சிங்கப்பூரிலிருந்து, இம்முறை எதிர்த்திசையில், இலண்டன் நோக்கிப் புறப்பட்டது. 1955 பயணத்தில் சென்றவரும் அதனை நூலாக எழுதியவருமான டிம் ஸ்லெஸ்ஸர் 87ஆம் அகவையில் மீண்டும் பயணம் செய்வதாக இருந்தது. புறப்படும் வேளையில் அவர் நோயுற்றார். அவருடைய பேரன் நாட் ஜார்ஜ் அவரிடத்தில் அமர்ந்தார். சாலை வசதிகள் பெருகிவிட்ட காலம். 1994இல் முழுமையுற்ற வடக்கு தெற்கு விரைவுச்சாலை யோங் பெங் போன்ற ஊர்களின் கடைத்தெருவைத் தொடாமலே ஊர்திகளைக் கொண்டு செல்கிறது. 111 நாள்களுக்குப் பின், திசம்பர் 14ஆம் நாள், அக்கருநீல வண்டி தன் நெளிவுகளோடு இலண்டன் சேர்ந்தது.